கடலுக்கும் காற்றுக்கும் கொடுக்கல் வாங்கல்

மே மாதம் முடியும் தறுவாயில் திருவனந்தபுரத்து ஆரியசாலைப் பக்கம் செல்பவர்கள் ஒன்றைக் கவனித்திருக்கலாம். அதுவரை சாலைக் கடைத்தெருவின் ஓரத்தில் வாய் திறந்து நின்ற மிளகாய் மூட்டைகளும் மல்லி மூட்டைகளும் சிறிது சிறிதாகக் கடைக்குள்ளே நகரும். தார்ப்பாய்களை உதறிப் பார்ப்பார்கள். வெல்லம், உப்பு, கருவாடு முதலிய ஈரம் இழுக்கும் சரக்குகளுக்கு அடியில் பலகை போடப்படும். பேரேட்டைப் புரட்டிக்கொண்டே ஒரு வணிகர் மற்றொருவரை வினவுவார், "இடவப்பாதி இந்த வருஷம் முந்துமா, பிந்துமா?" என்று. இடவ மாதத்தின் பாதியில் தொடங்குவதால் தென்மேற்குப் பருவமழைக்கு இந்நாட்டில் அப்பெயர் வழங்குகிறது. சாலையில் கடை வைத்திருக்கும் தமிழ் வணிகர்களும் அம்மலையாளப் பெயரையே சொந்தமாக்கிக் கொண்டுவிட்டனர்.

கேள்வி எளியது. விடையோ கடலின் மேல் கிடக்கிறது. கேரளத்தில் பருவமழை தொடங்கும் இயல்பான நாள் ஜூன் 1 என்று இந்திய வானிலைத் துறையினர் கொண்டுள்ளனர். அதனை அறிவிப்பதற்கு அவர்கள் மழையை மட்டும் பார்ப்பதில்லை. மினிக்காய் தொடங்கி மங்களூர் வரையுள்ள 14 நிலையங்களில் நூற்றுக்கு அறுபதில் இரண்டு நாள் தொடர்ந்து 2.5 மில்லிமீட்டருக்குக் குறையாமல் மழை பெய்ய வேண்டும். திருவனந்தபுரமும் அப்பதினான்கில் ஒன்று. அத்துடன், நமக்குத் தென்மேற்கே உள்ள கடற்பரப்பில் மேலைக்காற்று போதிய வேகமும் ஆழமும் கொண்டு வீச வேண்டும். மூன்றாவதாக, அக்கடலிலிருந்து வான்வெளிக்குத் தப்பிச் செல்லும் வெப்பக்கதிர் ஓர் அளவுக்குக் குறைந்திருக்க வேண்டும். அவ்வாறு குறைந்தால் அங்கே மேகம் கனத்திருக்கிறது என்று பொருள். இந்தக் கதிரளவைச் செயற்கைக்கோள் ஒன்றே தர இயலும். ஆகவே, சாலையில் பலகை போடுவதா வேண்டாமா என்பதை முடிவு செய்வதில் வானத்தில் சுற்றும் யந்திரங்களுக்கும் பங்கு உண்டு.

அம்மழைக்கு வேண்டிய தண்ணீர் எங்கிருந்து வருகிறது? அரபிக்கடலிலிருந்து என்று பள்ளிப்பிள்ளையும் சொல்லும். ஆனால் ஆராயப் புகுந்தபோது இது பெரிய வழக்காகவே நடந்தது. கொல்லங்கோட்டில் 1909-இல் பிறந்தவரும், சர் சி. வி. ராமனிடம் பயின்றவருமான பி. ஆர். பிஷாரடி அவர்கள், 1962-இல் புனேயில் அமைந்த வெப்பமண்டல வானிலை ஆய்வு நிலையத்தின் முதல் இயக்குநராக இருந்தார். அக்காலத்தில் பல நாட்டுக் கப்பல்களும் விமானங்களும் ஒன்றுகூடி நடத்திய சர்வதேச இந்தியப் பெருங்கடல் ஆராய்ச்சியில் கிடைத்த அளவைகளைக் கொண்டு, 1963, 1964 ஆகிய ஆண்டுகளின் ஜூலை மாதக் கணக்கை அவர் போட்டுப் பார்த்தார். நிலநடுக்கோட்டைக் கடந்து தெற்கிலிருந்து வரும் நீராவியைவிட, நம் மேற்குக் கரையைக் கடந்து உள்நாட்டுக்குச் செல்லும் நீராவி மிக அதிகமாக இருந்தது. மிகுதி எங்கிருந்து வந்தது? வழியில் அரபிக்கடல் கொடுத்ததாகவே இருக்க வேண்டும் என்று 1965-இல் அவர் எழுதினார். 1973-இல் சாஹா, பவடேகர் என்ற இருவர் வேறு கணக்குப் போட்டு, நிலநடுக்கோட்டைக் கடந்து வரும் பங்கே பெரிது என்றனர். பிற்காலத்துக் கணக்குகளும் பெரும்பாலும் அப்பக்கமே சாய்கின்றன. ஆயினும் அரபிக்கடலின் பங்கு சிறிதன்று; அது ஆண்டுக்கு ஆண்டு மாறுவதும் உண்டு. இருதரப்பினருக்கும் குறை ஒன்றுதான். கடலின் மேல் அளவை எடுத்த இடங்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவை. கப்பல் சென்ற வழியில் மட்டும் கடல் தெரிந்தது. செல்லாத வழியில் ஊகமே துணை.

கடலின் கணக்கைச் சாலைப் பேரேட்டைப் போலவே எழுதிப் பார்க்கலாம். வரவுப் பக்கத்தில் இருப்பது சூரிய ஒளி. செலவுப் பக்கத்தில் மூன்று இனங்கள். கடல் தன் மேனியிலிருந்து கதிராக வெளியிடும் வெப்பம் ஒன்று. தன்னைத் தொடும் காற்றைச் சூடாக்குவதில் செலவாவது மற்றொன்று. இது நம் கடல்களில் சொற்பம். மூன்றாவது, நீரை ஆவியாக்குவதில் செலவாவது. இதுவே மிகப் பெரிய செலவு. எடுத்துக்காட்டாக, ஒரு சதுர மீட்டர் கடலுக்குச் சராசரியாக 220 வாட் வரவு என்றால், கதிராக 50, காற்றைச் சூடாக்க 5, ஆவியாக 120 என்று செலவு போக, மிச்சம் 45. பெரிய வரவிலிருந்து பெரிய செலவைக் கழித்துச் சிறிய இலாபம் காண்பது வியாபாரிகளுக்குப் புதிதன்று. ஒவ்வோர் இனத்திலும் நூற்றுக்குப் பத்துப் பிசகினால் மிச்சத்தில் பாதிக்கு மேல் பிசகிவிடும் என்பதும் அவர்கள் அறிந்ததே.

ஆவியாகச் செல்லும் வெப்பத்திற்கு 'உள்ளுறை வெப்பம்' என்று தமிழில் பெயர் இட்டுள்ளோம். நம்மைப் போன்ற மொழிபெயர்ப்புப் பணியாளர்களுக்கு மனநிறைவு தரும் சொற்களில் இது ஒன்று. அகப்பாட்டில் உள்ளுறை உவமம் என்பது வெளியே சொல்லப்படாமல் உள்ளே தங்கிப் பின்னர் விளங்குவது. நீராவிக்குள் இருக்கும் வெப்பமும் அவ்வாறே. கடலை விட்டுப் புறப்படும்போது எந்த வெப்பமானியிலும் தெரியாது. பல நூறு கிலோமீட்டர் கடந்து, மலையில் மோதி, மழையாக மாறும்போதுதான் அது வெளிப்படும்.

அளவு எவ்வளவு? ஒரு கிலோகிராம் நீர் ஆவியாக ஏறத்தாழ 25 இலட்சம் ஜூல் வேண்டும். அவ்வாறாயின் ஒரு சதுர மீட்டரில் 100 வாட் ஆவியாகச் செலவானால், ஒரு நாளில் கடலிலிருந்து மூன்றரை மில்லிமீட்டர் நீர் ஏறிப் போகிறது. மூன்றரை மில்லிமீட்டர் என்றால் அற்பமாகத் தோன்றும். அரபிக்கடலின் பரப்பு சற்றேறக்குறைய 38 இலட்சம் சதுர கிலோமீட்டர். பெருக்கிப் பார்த்தால், 93.47 டி.எம்.சி. கொள்ளும் மேட்டூர் அணையைப் போல ஐந்து அணைகள் நிறையும் தண்ணீர், ஒவ்வொரு நாளும்! இந்தக் கணக்கில் 10 வாட் பிழை இருந்தால் நாளொன்றுக்கு அரை மேட்டூர் காணாமற் போகிறது அல்லது இல்லாமலே எழுதப்படுகிறது. அதே 10 வாட், ஐம்பது மீட்டர் ஆழமுள்ள கடல்நீரை நான்கு மாதத்தில் அரை டிகிரி சூடாக்கவும் வல்லது. பிழை பத்து வாட்டுக்குள் அடங்க வேண்டும் என்பதே கடல் விஞ்ஞானிகளின் நெடுங்கால இலக்கு.

வெப்பம் மட்டுமா கைமாறுகிறது? காற்று தன் வேகத்தில் ஒரு பகுதியையும் கடலுக்குக் கொடுத்துவிடுகிறது. இதனை உந்தம் என்கிறோம். நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் வீசும் காற்று, ஒரு சதுர மீட்டர் நீரை ஏறத்தாழ 0.15 நியூட்டன் விசையோடு இழுக்கிறது. கைம்மாறாத சிறு கொடை என்று எண்ண வேண்டாம். காற்றின் வேகம் இரட்டித்தால் இழுப்பு நான்கு மடங்காகும். அந்த இழுப்பே நீரோட்டங்களை நடத்துகிறது, மேல்நீரையும் அடிநீரையும் கலக்குகிறது. பருவக்காற்றின் காலத்தில் நம் கரையோரத்து மேல்நீரை விலக்கி, அடியிலுள்ள குளிர்ந்த, சத்துள்ள நீரை மேலே வரச் செய்வதும் அதுவே. அந்நீரில் நுண்ணுயிர் பெருகுகிறது; அதைத் தின்று சாளை மீன் பெருகுகிறது. சாலைக்கும் சாளைக்கும் எழுத்தில் ஒன்றே வேறுபாடு என்று வேடிக்கையாகச் சொல்லலாம். காற்று ஏமாற்றும் ஆண்டில் அந்த வேடிக்கை மீனவர் வீட்டில் செல்லாது.

வெப்பத்தையும் உந்தத்தையும் சேர்த்தே அளக்க வேண்டும் என்பதற்கு ஓர் அழகிய சான்று உண்டு. அரபிக்கடல் ஒரு வினோதமான கடல். மே மாதத்தில் நம் தென்மேற்குக் கரைக்கு அப்பால் அதன் மேல்நீர் 30 டிகிரியைத் தாண்டிச் சுடும். பருவக்காற்று வந்ததும், கோடையின் நடுவிலேயே, குளிரத் தொடங்கும். காற்று பலமாக வீசி நீரை ஆவியாக்குவதால் கடல் வெப்பத்தை இழந்து குளிர்கிறது என்று கருதுவது இயல்பு. அமெரிக்காவின் உட்ஸ் ஹோல் கடலாய்வு நிலையத்தினர் 1994 அக்டோபரிலிருந்து 1995 அக்டோபர் வரை ஓமன் கரைக்கு அப்பால் ஒரு மிதவையை நங்கூரமிட்டு நிறுத்தினர். ராபர்ட் வெல்லரும் உடன் பணிபுரிந்தவர்களும் அதன் கணக்கைப் பார்த்தபோது, குளிர்காலத்து வடகிழக்குக் காற்றில் கடல் வெப்பத்தை இழந்தது உண்மை. தென்மேற்குக் காற்றிலோ அது வெப்பத்தைப் பெற்றுக்கொண்டுதான் இருந்தது! காற்று ஏற்கெனவே ஈரமாக இருந்தமையால் ஆவியாதல் எதிர்பார்த்த அளவு இல்லை. மேல்நீர் குளிர்ந்ததற்குக் காரணம், காற்று கொடுத்த உந்தம் அடியிலுள்ள குளிர்நீரைக் கலக்கியது. வரவு செலவு ஏட்டில் இலாபம். பெட்டியில் பணம் குறைவு. சரக்கு அடித்தட்டுக்குப் போயிருந்தது.

ஒரு மிதவை ஓர் இடத்தைச் சொல்லும். கடல் முழுவதற்கும் என்ன செய்வது? இங்கேதான் செயற்கைக்கோளின் உதவி தேவைப்படுகிறது. ஆவியாதலை நேரே காணும் கண் எந்தச் செயற்கைக்கோளுக்கும் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கடல்நீரின் வெப்பநிலை, காற்றின் வேகம், கடலுக்குச் சில மீட்டர் மேலே காற்றிலுள்ள ஈரம், அதன் வெப்பநிலை ஆகியவற்றைத் தனித்தனியே அறிந்து, ஒரு சூத்திரத்தில் இட்டுப் பெருக்கியே பரிமாற்றத்தைக் காண்கிறார்கள். நீரை ஒட்டிய காற்றில் எவ்வளவு ஈரம், சற்று மேலே எவ்வளவு என்று பார்த்து, அவ்வித்தியாசத்தைக் காற்றின் வேகத்தால் பெருக்க வேண்டும். ஈரத்துணி காய்வதற்கு உலர்ந்த காற்றும் வேண்டும், வீசும் காற்றும் வேண்டும் என்று வீட்டில் அறிந்ததே இச்சூத்திரத்தின் உட்பொருள்.

முதலில் காற்றைப் பார்ப்போம். கிழக்கேகோட்டையில் பத்மதீர்த்தக் குளத்தருகே மாலையில் நின்றால், மெல்லிய காற்று படும்போது நீரின் மேல் ஒரு கறுத்த சிலிர்ப்பு ஓடுவதைக் காணலாம். காற்று நின்றால் சிலிர்ப்பும் மறையும். கடலிலும் பெரிய அலைகளின் முதுகில் இத்தகைய சிற்றலைகள் உண்டு. ஒன்றரை சென்டிமீட்டர் அளவுள்ள அச்சிற்றலைகளைக் கணக்கிடுவதற்கென்றே சிதறல்மானி என்னும் ராடார் கருவி அமைந்தது. ஏறத்தாழ 720 கிலோமீட்டர் உயரத்திலிருந்து 2.2 சென்டிமீட்டர் நீளமுள்ள நுண்ணலைகளைச் சாய்வாகக் கடல்மேல் பாய்ச்சி, திரும்பி வருவது எவ்வளவு என்று பார்க்கிறது. சிலிர்ப்பு மிகுந்தால் திரும்புவதும் மிகும். ஒரே இடத்தை வெவ்வேறு திசையிலிருந்து பார்ப்பதால் காற்றின் திசையும் கிடைக்கிறது. உண்மையில் இக்கருவி உணர்வது காற்றையன்று, காற்று நீரை இழுக்கும் இழுப்பையே. நீரோட்டமும் காற்றும் ஒரே திசையில் சென்றால் சிலிர்ப்பு குறையும். கருவியும் குறைத்தே சொல்லும். ஆகவே உந்தப் பரிமாற்றத்தைப் பொறுத்தவரை செயற்கைக்கோள் ஏறக்குறைய நேர்சாட்சி எனலாம்.

சீசாட் என்னும் அமெரிக்கச் செயற்கைக்கோள் 1978-இல் இவ்வித்தையைச் செய்து காட்டி, நூறு நாள் அளவே வாழ்ந்து மறைந்தது. 1979 ஜூனில் ஏவப்பட்ட நம் பாஸ்கரா, கடலின் மேலுள்ள நீராவியை அறிய நுண்ணலைக் கதிர்மானி ஒன்றைச் சுமந்து சென்றது. 1999-இல் ஓஷன்சாட்-1 அதைவிட வளர்ந்த கருவியைக் கொண்டு சென்றது. அதே 1999-இல் அமெரிக்கர் ஏவிய குவிக்ஸ்காட்டின் சுழலும் அலைவாங்கி 2009 நவம்பரில் நின்றுபோயிற்று. அதற்கு இரண்டே மாதம் முன்னதாக, 2009 செப்டம்பர் 23-இல், நம் ஓஷன்சாட்-2 சிதறல்மானியுடன் விண்ணை அடைந்திருந்தது. உலகக் கடல்களின் காற்றுக்கணக்கில் பெரிய ஓட்டை விழாமல் காத்ததில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. 2014-இல் அக்கருவியும் ஓய்ந்தது. 2016 செப்டம்பரில் ஸ்காட்சாட்-1 வரும்வரை நம்மிடம் சிதறல்மானி இல்லை. ஸ்காட்சாட்டின் பணியும் முடிந்தபின், 2022 நவம்பர் 26-இல் ஓஷன்சாட்-3 ஏவப்பட்டது. ஓஷன்சாட்-2 தொடங்கி இம்மூன்றையும் சுமந்து சென்ற பி.எஸ்.எல்.வி. ஏவூர்தியை உருவாக்கியதில் தலைமை இடம், ஆரியசாலையிலிருந்து பஸ்ஸில் சென்று வரும் தூரத்தில் உள்ள தும்பா. ஏவும் நாளில் பத்திரிகைகள் கொட்டை எழுத்தில் பாராட்டுகின்றன. கருவி ஓய்ந்து இரண்டாண்டு இடைவெளி விழும்போது யாரும் எழுதுவதில்லை. நம் கருத்தில் இடைவெளியே பெரிய செய்தி. மழை ஆண்டுதோறும் வருவது. அதன் கணக்கை விட்டுவிட்டு எழுதினால் பிஷாரடியின் கேள்விக்கு விடை கிடைப்பது எங்ஙனம்?

இக்கருவிக்கும் குறைகள் உண்டு. பலத்த மழைத்துளிகள் அந்நுண்ணலையைக் குழப்பும். பருவமழை கொட்டும் கடலில் இது சிறிய குறையன்று. கரையருகே நிலத்திலிருந்து வரும் எதிரொலி கலந்துவிடும். ஒரே செயற்கைக்கோள் ஓரிடத்தை எப்போதும் பார்த்துக்கொண்டிருப்பதும் இல்லை; உலகக் கடலைச் சுற்றிவர இரண்டு நாள் ஆகும். 2017 நவம்பர் 29-ஆம் நாள் இலங்கைக்குத் தெற்கே தாழ்வு மண்டலமாக இருந்தது, மறுநாள் காலையில் கன்னியாகுமரி அருகே ஒக்கிப் புயலாக முற்றிவிட்டது. பூந்துறையிலிருந்தும் விழிஞ்ஞத்திலிருந்தும் குமரி மாவட்டக் கரையூர்களிலிருந்தும் கடலுக்குச் சென்றிருந்தவர்களில் பலர் திரும்பவில்லை. அப்போது ஸ்காட்சாட் வானில் இருந்தது. ஒரு நாளுக்குள் மூண்டெழும் புயலுக்கும், இரண்டு நாளில் சுற்றிவரும் கண்ணுக்கும் உள்ள இடைவெளியை நம் ஊர்க்காரர்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. பல நாட்டுச் செயற்கைக்கோள்களின் அளவைகளை உடனுக்குடன் பகிர்ந்துகொள்வதால் இடைவெளி குறைகிறது, முற்றும் மறைந்துவிடவில்லை.

நீரின் வெப்பநிலையை அளப்பதில் பெருந்தொல்லை இல்லை. அகச்சிவப்புக் கதிரால் பார்த்தால் நுட்பமாகத் தெரியும். ஆனால் மேகம் மறைக்கும். நுண்ணலையால் பார்த்தால் மேகத்தை ஊடுருவலாம். ஆனால் படம் பருமனாக இருக்கும், கரையை ஒட்டிய பகுதி கிடைக்காது. இரண்டையும் சேர்த்துத் தைத்துக்கொள்கிறார்கள்.

சிக்கல் முழுவதும் ஈரத்தில் இருக்கிறது. சூத்திரத்திற்கு வேண்டியது கடலுக்குச் சில மீட்டர் மேலுள்ள காற்றின் ஈரம். செயற்கைக்கோளோ, கடல் முதல் வானம் வரை நிமிர்ந்து நிற்கும் காற்றுத்தூண் முழுவதிலும் உள்ள நீராவியை ஒருசேரப் பார்க்கிறது. மாடியிலிருந்து எட்டிப் பார்ப்பவர்க்கு மூட்டைகளின் அடுக்கு மொத்தமாகத் தெரியும். அடி மூட்டையில் இருப்பது மிளகா, மல்லியா என்பது தெரியாது. மாதச் சராசரியை எடுத்துக்கொண்டால், தூணின் மொத்த ஈரத்துக்கும் அடியிலுள்ள ஈரத்துக்கும் நெருங்கிய உறவு உண்டு என்று திமதி லியூ என்னும் விஞ்ஞானி 1986-இல் காட்டினார். அந்த உறவைக் கொண்டே செயற்கைக்கோளால் ஆவியாதலைக் கணிக்கும் வழி திறந்தது. ஆனால் நாள் கணக்கிலும், பருவமழை தொடங்கும் வேளையிலும் அவ்வுறவு தளர்ந்துவிடுகிறது. இந்தியாவும் பிரான்சும் சேர்ந்து 2011 அக்டோபர் 12-இல் ஏவிய மேகா-டிராபிக்ஸ், நிலநடுக்கோட்டை ஒட்டிச் சுற்றி, ஒரே இடத்தை நாளொன்றுக்குப் பலமுறை பார்த்தது. காற்றுத்தூணை அடுக்கடுக்காகப் பிரித்து ஈரத்தைச் சொல்லும் சாஃபிர் என்ற கருவி அதில் இருந்தது. அதுவும் அடித்தட்டில் மங்கலாகவே கண்டது. தன் காலம் முடிந்தபின் 2023 மார்ச் 7-இல் அச்செயற்கைக்கோள் பசிபிக் கடலின் மேல் திட்டமிட்டு எரிக்கப்பட்டது.

இந்த மங்கலின் விலை என்ன? நொடிக்கு 8 மீட்டர் காற்று வீசும் வெதுவெதுப்பான கடலில், ஒரு கிலோகிராம் காற்றிலுள்ள ஈரத்தை ஒரே ஒரு கிராம் தவறாகக் கொண்டால், சதுர மீட்டருக்கு 28 வாட் அளவு பிழை வரும். அரபிக்கடல் முழுவதும் அப்பிழை பரவினால், நாளொன்றுக்கு ஒன்றரை மேட்டூர். தராசில் ஒரு கிராம் கூடினாலும் குறைந்தாலும் ஏலக்காய் வியாபாரிதான் கவலைப்படுவார் என்று நினைத்திருந்தோம். கடல் விஞ்ஞானிக்கும் அதே கவலை.

ஆதலால் செயற்கைக்கோள்கள் எத்தனை பறந்தாலும், கடலிலேயே நின்று அக்காற்றைத் தொட்டு அளக்கும் மிதவைகள் இன்றியமையாதனவாக இருக்கின்றன. சென்னையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனத்தார் அரபிக்கடலிலும் வங்கக்கடலிலும் அத்தகைய மிதவைகளை ஆழ்கடலில் நங்கூரமிட்டு வைத்துள்ளனர். நீருக்குச் சில மீட்டர் மேலே ஒரு கம்பத்தில் காற்றுமானியும் ஈரமானியும் வெப்பமானியும் பொருந்தியிருக்கும். அவை சொல்வதை வைத்தே செயற்கைக்கோள் சொல்வதைச் சரிபார்க்கிறார்கள், திருத்துகிறார்கள். இரு வகை அளவைகளும் ஐதராபாத்திலுள்ள இந்திய தேசியக் கடல் தகவல் சேவை மையத்துக்குப் போய்ச் சேருகின்றன. மீனவர்களுக்கான கடல்நிலை அறிவிப்புகள் அங்கிருந்தே புறப்படுகின்றன.

மிதவைகளுக்கு வேறு ஒரு தொல்லை. நிழலும் பாசியும் உள்ள இடத்தில் மீன் கூடுவது இயற்கை. மிதவையின் அடியில் மீன் கூடுகிறது. மீன் கூடும் இடத்துக்குப் படகு வருவதும் இயற்கையே. மிதவையில் படகைக் கட்டுகிறார்கள், வலை சிக்குகிறது, கம்பத்திலுள்ள கருவி உடைகிறது, சில வேளை மிதவையே நங்கூரம் அறுந்து போய்விடுகிறது. கரையோர ஊர்களில் நிறுவனத்தார் இதனை எடுத்துச் சொல்லி வருகிறார்கள். கேட்பவர்களில் ஒக்கியில் உறவினரை இழந்தவர்களும் இருக்கக்கூடும். உடைந்த கருவியை மாற்றக் கப்பல் ஆழ்கடலுக்குச் சென்று வர வேண்டும். தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் கடல் அதற்கு எளிதில் இடம் கொடுப்பதில்லை; அவ்வளவு நாளும் அந்த இடத்தில், நீருக்கு மேலே சில மீட்டரில் இருக்கும் அந்த ஒரு கிராம் ஈரத்தை யாரும் எடை போடாமலே காற்று கொண்டுபோய்விடுகிறது.